ஓடெல் பெட்வே வாய் திறக்காத வியாழக்கிழமை

உலகத்தில் இதுவரை கையுறை மாட்டிய ஹெவிவெயிட் வீரர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் ஓடெல் பெட்வேயின் இடது கையை மட்டும் வைத்தால், அத்தனை பேரும் ஆகாயத்தில் தொங்குவார்கள். அவர் குத்துக்கு ஊரை ஒட்டி ஓடும் டெலவேர் ஆறு ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஓடும். அவர் மணல்மூட்டையைக் குத்திப் பழகிய நாட்களில் பக்கத்துத் தெருவில் முட்டைகள் தாமாகவே உடைந்து ஆம்லெட் ஆயின.

இப்பேர்ப்பட்டவரின் பெயர், எங்கள் தெருவைத் தாண்டினால், பிலடெல்பியா முழுக்கத் தேடினாலும் பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். அதில் ஒருவர் தபால்காரர்.

ஓடெல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். படுத்திருப்பவர்களை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கும், அங்கிருந்து வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். புதிதாக வரும் டாக்டர்கள் அவருடைய உடைந்த மூக்கைப் பார்த்துவிட்டு, பாக்ஸரா, எந்தச் சாம்பியனோடு மோதினீர்கள் என்று ஆசையாகக் கேட்பார்கள். யாரோடும் இல்லை என்பார். அவர்கள் முகம் சப்பென்று போகும். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

உண்மைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தரவரிசையில் மூன்றாவதாக இருந்தார். மூன்றாவதாக இருப்பவனுக்குச் சாம்பியனோடு மோத ஒரு வாய்ப்பு வரவேண்டும். ஏழாவது ஆளுக்கு வந்தது, ஒன்பதாவது ஆளுக்கும் வந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவரின் இலையைத் தாண்டித் தாண்டிப் பரிமாறினார்கள்.

அதற்குக் காரணம் ஒரு வியாழக்கிழமை என்று எங்கள் தெரு சொல்லும். அப்போதைய சாம்பியன் வெண்டல் ஸ்ட்ராட்டர் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கூட நின்று குத்திப் பழகுவதற்கு ஓடெலைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். அந்த வியாழக்கிழமை மத்தியானம் பயிற்சிக்கூடத்தில் இருந்த மற்றவர்களை வெளியே அனுப்பி ஷட்டரை இறக்கினார்கள். மறுநாள் சாம்பியன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பத்திரிகையில் ஜலதோஷம் என்று போட்டார்கள். ஓடெலை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. பயிற்சிக்கும் இல்லை, பட்டத்துக்கும் இல்லை.

தெரு தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது: ஓடெலின் ஒரே குத்தில் சாம்பியன் தரையில் படுத்துவிட்டார். முடிவெட்டும் கடையில் அந்தக் குத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து ஓடெல் ஆவார், இன்னொருவர் நாற்காலியோடு சாய்ந்து சாம்பியன் ஆவார். ஓடெல் உள்ளே நுழைந்தால் எல்லாரும் வானிலை பற்றிப் பேசுவார்கள். ஏனென்றால் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பயிற்சியில் நடந்தது பயிற்சிக்கூடத்தோடு சரி. அது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் சால் ஃபெரான்டே ஒரு இனிப்புப் பெட்டியோடு ஓடெல் வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் சண்டைகளை ஏற்பாடு செய்தவர். இப்போது பழைய வீரர்களின் படங்களை மாட்டும் புகழ்ச்சுவர் ஒன்றுக்குக் குழுத்தலைவர். ஓடெலின் பெயரைச் சொன்னால் குழுவில் எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்களாம்: இவர் எந்தச் சாம்பியனை வீழ்த்தினார்?

"ஒரே ஒரு வார்த்தை, ஓடெல். ஸ்ட்ராட்டரைப் படுக்க வெச்சேன்னு உன் வாயால சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் போன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

ஓடெல் ஒரு இனிப்பை எடுத்து நிதானமாகத் தின்றார். நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். ஃபெரான்டே பெட்டியை விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆசை இல்லாமல் இல்லை. பழுப்பு கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பொத்தான் எட்டவில்லை. மனைவி ஏர்லின் ஒன்றும் கேட்காமல் பொத்தானைத் தள்ளித் தைத்துக் கொடுத்தாள். ஒருநாள் வேலை முடிந்து பஸ் ஏறிப்போய் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வந்தார். அவர் அடித்து ஜெயித்த மூன்று பேர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருமே சாம்பியனிடம் தோற்றவர்கள். தோற்பதற்கும் ஒரு வாய்ப்பு வேண்டியிருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸிலேயே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஏர்லின் பொறுமை இழந்தாள். கட்டிலில்கூட என்னிடம் சொன்னதில்லையே, நான் என்ன பத்திரிகைக்காரியா என்று தொடங்கினாள். ஓடெல் கீரையைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"அவன் காசு குடுத்து என்னைக் கூப்பிட்டான், ஏர்லின். கத்துக்கறதுக்காக என் முன்னாடி நின்னான். ஒரு வீட்டுக்குள்ள வேலைக்குப் போனவன், அங்க பாத்ததை வெளிய வந்து விக்கறதா?"

"அந்த வீட்டுக்காரன் அப்புறம் உன்னை வாசல் பக்கமே விடலையே."

"விடல."

"அதுக்காவது சொல்லித் தொலையேன்."

"இப்ப அவனுக்குத் தன் பேரே ஞாபகம் இல்லையாம். திருப்பிக் குத்த முடியாதவனைக் குத்தச் சொல்றியா?"

ஏர்லின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்படின்னா படம் மாட்டற இடத்துல உன் மானத்தை மாட்டிக்கோ. ஆணி நான் தரேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சர்ச்சுக்குப் பாட்டுப் பழகப் போய்விட்டாள். ஓடெல் சட்டையைக் கழற்றிவிட்டுக் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. எதிர்முனையில் வாஷிங்டன் பத்திரிகை நிருபராம். மூக்கடைத்த குரல்.

நிருபரும் இல்லை, வாஷிங்டனும் இல்லை. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்த, பள்ளிக்கூடம் நீண்ட விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்த பையன் ஒருவன், அதாவது இதை எழுதுகிற கழுதை, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். புகழ்ந்தால் மனிதர் வாய் திறக்க மாட்டார், அவமானப்படுத்தினால் திறந்துதானே ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. திறந்தால் உடனே ஃபெரான்டேவுக்குச் சொல்லிவிடலாம். இன்னும் நேரம் இருந்தது.

"அன்னைக்கு விழுந்தது நீங்கதான்னு எங்களுக்குத் தகவல். விழுந்து அழுதீங்களாம். நாளைக்குப் பேப்பர்ல போடறோம். இல்லைன்னு சொல்றீங்களா?"

ஓடெல் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். வெந்நீர் ஆறிப்போயிருந்தது. இடது கை தொடைமேல் தானாக மூடியது, பிறகு திறந்தது. தம்பி, என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஒரு மூச்சு கேட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி வண்டியைத் தள்ளி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து விடுவாரே, அந்த மாதிரி மூச்சு.

"அப்படியே போட்டுக்குங்க," என்றார்.

மாடியில் விரல்கள் மூக்கைவிட்டு நழுவின, சொந்தக் குரல் வந்துவிட்டது.

"பொய், மிஸ்டர் ஓடெல். நீங்க யார்கிட்டயும் விழுந்தவர் இல்ல. ஏன் இப்படிச் சொல்றீங்க?"

கீழே நாற்காலி கிரீச்சிட்டது.

"வாஷிங்டன்காரங்க எல்லாம் எப்ப இருந்து மூணாவது மாடியில குடியிருக்காங்க?" என்றார் ஓடெல். "இறங்கி வாடா. இவ்வளவு நேரம் பிடிச்சதுல மூக்கு சிவந்திருக்கும். ஐஸ் எடுத்து வைக்கிறேன்."