லாரல் சாலையைக் கடந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

வெர்லீன் டப்ஸுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. ஹார்லன்ஃபோர்ட் நகரின் லாரல் சாலையை ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்திய பிறகு அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. வீடு இந்தப் பக்கம். கணவர் அமோஸ் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் மையம் நேர் எதிரே. சிக்னலோ அரை மைல் தள்ளி. போய்ச் சேர்ந்தாலும், சிகிச்சை முடிந்து கால் துவண்டு வரும் மனிதரால் அத்தனை தூரம் சுற்றித் திரும்ப முடியுமா? காரை விற்று ஐந்து வருஷம் ஆகிறது. அதனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, நடுத்திட்டில் மூச்சு வாங்கி, மறுபடி ஓடுவாள்.

வீட்டெதிரே சிக்னல் கேட்டு எட்டுக் கடிதம் போட்டாள். மணிக்கு நூறு பேராவது கடந்தால்தான் உண்டு என்று நகர அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

"கடந்தா செத்துருவோம்னுதான்டா யாரும் கடக்கலை! படிச்ச மடையனுங்களா!" என்று கடிதத்தை மேசையில் அறைந்தாள்.

கடக்கும் ஆட்களை எண்ண நகர அலுவலகத்திலிருந்து வரும் தேதி தெரிந்ததும் சர்ச்சுக்கு ஓடினாள். பாடகர் குழுவே திரண்டு வந்தது. எண்ணுகிறவர் ஓரமாகக் காரில் உட்கார்ந்திருக்க, பெண்கள் வேறு வேறு ஆட்களாகத் தெரியும்படி, ஞாயிறு சர்ச்சுக்கு அணியும் தொப்பிகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு இங்குமங்கும் கடந்தார்கள்.

"சிஸ்டர் வெர்லீன், எனக்கு இது ஒன்பதாவது தடவை. முட்டி கழண்டு கையில வந்துரும் போல!" என்றாள் பாடகர் குழுவின் ஓபல்.

"வந்தா அதையும் தூக்கிட்டுக் கட! கணக்குல இன்னொரு ஆளு!"

ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினாள். இரண்டு மாதம் தபால் பெட்டிக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தாள்.

ஒரு திங்கட்கிழமை லாரி வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நடுத்திட்டில் இறங்கிக்கொண்டிருந்தவை இரும்புக் கம்பிகள்.

"சிக்னல் கம்பம் எங்கப்பா?"

"சிக்னலா? வேலிங்க, மேடம்," என்றார் மேஸ்திரி. "ஒரு மணி நேரத்துல இருநூறு பேருக்கு மேல குறுக்க ஓடுறாங்களாம். ஆபத்தான இடம், அடைச்சிருங்கன்னு உத்தரவு."

தன் வழியைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டாளே!

வெள்ளிக்கிழமைக்குள் ஆளுயர வேலி நின்றது. அன்று அமோஸுக்குச் சிகிச்சை. அவர் வேலியைப் பார்த்தார், தூரத்துச் சிக்னலைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒருநாள் போகலைன்னா என்ன கெட்டுரும், வெர்லீன்?"

இதுவரை அவர் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை.

"வாயை மூடிட்டு நட, கிழவா," என்று அவர் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டினாள்.

"சரி, போயிரலாம். திரும்பி வர்றது?"

அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலைப் பார்த்து நடந்தாள்.