பச்சைப் புள்ளி

கைபேசித் திரையில் மகளின் பெயருக்கு அருகே, அவள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி தெரிந்தால் அவள் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நாங்கள் நம்பினோம். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எங்கள் கைபேசிகளை வாயிலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். கணவர் கம்பெனிப் பேருந்து ஓட்டுபவர். வாலாஜாபாத்தில் ஆள் ஏறும் வரை காத்திருக்கும்போது அவரால் திரையைப் பார்க்க முடியும். ஆகவே என் பழைய கைபேசியை அவளிடம் கொடுத்து, பள்ளி விட்டு வந்ததும் கையிலேயே வைத்திருக்கச் சொன்னோம். என்ன பார்க்கிறாள் என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்தளம், தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்களின் விடுதி. ஒருநாள் மாலை முக்கால் மணி நேரம் புள்ளி தெரியவில்லை. கணவர் வண்டியை இன்னோர் ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். மகள் மொட்டைமாடியில் விடுதிப் பெண்கள் நால்வருடன் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள்.

“போனை வூட்ல வெச்சுட்டு இங்க இன்னா பண்ணிக்கினு கீறே?”

“அண்ணே, பிள்ளைய ஏன் ஏசுதிய?” என்றாளாம் ஒரு பெண். “எங்க நாலு பேரையும் தோக்கடிச்சிட்டு உக்காந்திருக்கு. நாங்கல்லா அழணும்.”

அவர் சிரிக்கவில்லை. “புள்ளி இல்லன்னா ஸ்டியரிங் புடிக்க எனக்குக் கை வரலம்மா” என்று மட்டும் சொல்லி, மகளைக் கீழே அழைத்து வந்தார். வேலை முடிந்து வந்த நானும் அவர் பக்கமே நின்றேன். இனிமேல் கீழே வைக்காதே என்று அவளிடம் சொன்னது நான்தான்.

சொன்னபடியே செய்தாள். மாடிக்குப் போவது நின்றது. குளிக்கப் போனால்கூட, குளிக்கப் போகிறேன் என்று அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் போவாள்.

இப்போது அவளுக்குப் பதினாறு. அவளுக்காகவே சென்ற ஆண்டு பகல் ஷிஃப்டுக்கு மாறினேன். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். கைபேசியைக் கீழே வைக்கச் சொல்லிக் கெஞ்சியாயிற்று, கோபித்தாயிற்று, நேரம் குறித்துக் கொடுத்தும் பார்த்தாயிற்று. அவள் எதிர்த்துப் பேசுவதில்லை. “இரும்மா” என்பாள். இரண்டு மணி நேரம் போய்விடும்.

போன வாரம், பக்கத்து மனையில் கொட்டிக் கிடந்த ஜல்லியிலிருந்து கூர் இல்லாத ஐந்து கற்களைப் பொறுக்கிவந்து அவள் முன் வைத்தேன்.

“உனக்கு ஆட வருமா?” என்றாள்.

“வராது. நீ சொல்லிக் குடு.”

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் ஆட்டத்தில் நான் தவறவிட்ட கல் கட்டிலுக்கு அடியில் உருண்டது. “ஐயோ அம்மா, கல்லுகூட உன்கிட்ட இருக்க மாட்டேங்குது” என்று வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது என் கைபேசி அடித்தது. கணவர்தான்.

“பாப்பா இன்னா பண்ணுது? ரொம்ப நேரமா புள்ளியக் காணோம்.”

“என் பக்கத்துலதான் இருக்கா.”

“சரி, ஒரு மெசேஜ் போடச் சொல்லு. வண்டி எடுக்கணும்.”

அவளுக்கும் அது கேட்டிருந்தது. கற்களை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கைபேசியை எடுத்தாள். செய்தி போன பிறகும் கீழே வைக்கவில்லை.

மேல்தளத்தில் அன்றிருந்த பெண்கள் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள். கணவர் வண்டியில் இருக்கிறார். மாலைகளில் வீட்டில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.