சீறி அணைந்த கேப்பு

மதுரையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பல வருடங்களாக விற்பனையில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஒச்சம்மா வந்த காலை

கடை திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒச்சம்மா நேரே உள்ளே வந்து, எங்கள் கடையில் வாங்கிய துப்பாக்கிக் கேப்பு டப்பாவை மேசையில் வைத்தார்.

"இதை எவன் செஞ்சான்? என் வீட்டுக்காரரு பொழச்சது சாமி புண்ணியம்."

அவர் கணவருக்குத் தோட்டக் காவலுக்கான லைசென்ஸ் உண்டு. கடலைக்காட்டில் பன்றி இறங்கினால், விரட்டுவதற்காக வானத்தைப் பார்த்துச் சுடுவார். குழல் வழியாக வெடிமருந்து போடும் பழைய ரகத் துப்பாக்கி. பின்னால் மாட்டும் சின்னச் செம்புக் கேப்பு அடிபட்டுத் தீப்பொறி விட்டால்தான் மருந்து பற்றும். அன்று விசையை இழுத்திருக்கிறார், சத்தமில்லை. என்ன ஆயிற்றென்று துப்பாக்கியைத் தாழ்த்தியபோது வெடித்துவிட்டது. தோளில் கிடந்த துண்டு கருகியதோடு தப்பினார்.

முதலாளி சொன்னார்: "மழ நேரம், மருந்து நனைஞ்சிருக்கும்மா."

"எங்க வீட்டுல உப்பு நனையும், மருந்து நனையாது. அம்புட்டுப் பத்திரம்."

வாங்க வருபவர்கள் மருந்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நைசா, குருணையா, புதுசா என்று. கேப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் சந்தேகம். மருந்தே இல்லாத துப்பாக்கியில், முதலாளி முன்னிலையில், கேப்பை மட்டும் மாட்டி அடித்துப் பார்த்தேன். சில கேப்புகள் சுள்ளென்று வெடித்தன. ஒன்று நமுத்த தீக்குச்சி போலச் சீறி அணைந்தது. இப்படி அரைகுறைப் பொறி விட்டால் மருந்து தாமதித்து வெடிக்கும். மருந்தின் மேல் பழி போட வழியில்லை.

2. சப்ளை செய்தவர்

கேப்பு சப்ளை செய்தவரிடம் போனில் சொன்னேன். அவர் பதறவேயில்லை. "சீசன்ல விற்பனைய நிறுத்தாதீங்க மேடம். திரும்பக் கொண்டு வர்றவங்களுக்கு மட்டும் மாத்திக் கொடுங்க."

"கொண்டு வர ஆளு இருக்கணும்ல சார்?" என்றேன்.

முதலாளி என்னையே பார்த்தார். "சரி, இனிமே விக்கல. வித்தத என்ன செய்வ?"

"ஊர் ஊராப் போயி வாங்கிட்டு வாரேன்."

"இதெல்லாம் நீ பஸ்ல கொண்டாரக் கூடாது. நானும் வாரேன், வண்டிய எடுப்போம்."

3. காசிமாயன்

பலர் மறுபேச்சின்றிக் கொடுத்தார்கள். காசிமாயன் என்ற கடலை விவசாயி மட்டும் மசியவில்லை.

"கேப்பக் குடுத்துட்டு வாயால சுடவா? பன்னி வந்தா நீ வந்து வெரட்டுவியா?"

"வெறும் துப்பாக்கில நீங்களே போட்டுப் பாருங்கண்ணே."

முதல் கேப்பு வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. சிரித்தார். நான் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு போடுங்கண்ணே." அது சீறி அணைந்தது. அவர் சிரிப்பு நின்றது. டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"புதுசு எப்ப வரும்?"

நாளைக்கே வரும் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாதுண்ணே" என்றேன். அதைச் சொல்வதுதான் அன்று எனக்குக் கடினமாக இருந்தது.

புதுச் சரக்கு வருவதற்குள் பன்றிகள் அவர் கடலையில் பாதியைக் கிளறிவிட்டன. சரக்கு வந்ததும் முதல் ஆளாகக் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"நீ போட்டுப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. போட்டதெல்லாம் சரியா வெடிச்சது."

"அப்பக் குடு."

உங்களுக்குச் சொல்வது இதுதான். மருந்தைப் பற்றி அவர்கள் கேட்பார்கள்; கேப்பைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும். விசையை இழுத்துச் சத்தம் வராவிட்டால், துப்பாக்கியை ஆளில்லாத பக்கம் பிடித்தபடியே காத்திருக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்த கேப்பு டப்பாவை, கேட்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், விற்காதீர்கள்.

பாதிக் கடலை போனதைக் காசிமாயன் இன்றும் வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிறார். கேட்டுக்கொள்கிறேன். அவர் வேறு கடைக்குப் போகவில்லை.