மேலவெளி வீதியின் மூன்று மாடிக் கட்டடம்

அந்தக் கட்டடத்தை ஒரே மூச்சில் கட்டவில்லை. கீழ்த்தளத்து நூல்கடை என் பள்ளி நாட்களிலேயே உண்டு. முதல் மாடி உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முந்தைய கோடையில் எழுந்தது. இரண்டாவது, மாகாணத் தேர்தல் வருஷத்தில். மூன்றாவது, யுத்தத்தால் சிமெண்டு அரிதாவதற்குச் சற்று முன் முடிந்தது. எழுமலை, பேரையூர்ப் பக்கத்திலிருந்து இன்ஷூரன்ஸ் பிரிமியம் கட்ட வருபவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "அம்புட்டு உசரம் ஏறித்தேன் கட்டணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார்கள்.

அந்த மூன்றாம் மாடி ஆபீஸில் நான் குமாஸ்தா. எதிர் மேசையில் டைப்பிஸ்ட் அம்மா. மிஷன் பள்ளியில் படித்தவர், விளாங்குடியிலிருந்து வருவார். தகப்பனார் படுத்த படுக்கை. இவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கட்டடம் முழுவதிலும் இவர் ஒருவரே பெண்.

கீழே நூல்கடையின் மூலையில், கடைக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான முதலாளியின் சாமி அறை. அதற்கு நேர் மேலே எந்த மாடியிலும் மனிதர் கால் படக்கூடாதென்று, முதல் இரண்டு மாடிகளில் அந்த மூலையை நூல்மூட்டைகளால் அடைத்துவைத்திருந்தார். மூன்றாம் மாடியைக் கட்டிய கண்ட்ராக்டர் வெளியூர்க்காரர். சாக்கடை பக்கத்தில் இருக்கிறதென்று எங்கள் கக்கூஸை அந்த மூலையிலேயே வைத்துவிட்டார். மேலே ஏறி வரும் வழக்கமே இல்லாத முதலாளி அதைக் கவனிக்கவில்லை.

ஓர் ஐப்பசி மழையில் குழாய் ஒழுகி, முருகன் படத்துக்குப் பக்கத்துச் சுவர் நனைந்தது. முதலாளி குழாயைப் பார்த்தபடியே மூச்சிரைக்க மேலே வந்தார்.

"சாமி தலைக்கு மேல கக்கூஸா? இத்தன நாளா நான் கும்புட்டதெல்லாம் எங்கய்யா போச்சு?"

கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார். ஆண்கள் கொல்லைப்புறத்து மறைப்புக்குப் போனோம். அது மூட்டை தூக்குகிறவர்களின் இடம், கதவு கிடையாது. மறுநாளிலிருந்து அந்த அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். எனக்கு வேலை ஓடவில்லை. டைப் சத்தம் சற்று நின்றாலும் தலை தானாக நிமிர்ந்தது.

பியூன் என் காதோரம் வந்தார். "அண்ணே, டைப்படிக்க ஆம்பளை ஆள் வேணும்னு விளம்பரம் எழுதணுமாம். மேனேஜர் ஒங்களைத்தேன் எழுதச் சொன்னாரு."

எழுதினேன். அதை டைப் அடிக்க வேண்டியவரும் அந்த அம்மாதான். வாசித்தார், அடித்தார், மேனேஜர் மேசையில் வைத்தார், படியிறங்கினார். பொறுக்காமல் நானும் பின்னால் போனேன்.

கடை வாசலில் நின்று கேட்டார்: "மொதலாளி, சாமிக்கு மேல யாரும் இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தேன்."

"அப்ப சாமிய மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருங்க. அதுக்கு மேல வானந்தான்."

கடைக் கணக்குப்பிள்ளை சிரித்தார். "நாலு படிக்கே மொதலாளிக்கு மூச்சு வாங்குது. இது தெனம் மலையேறச் சொல்லுது!"

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன்யா, பழனிக்கு நான் ஏறலையா?"

அடுத்த வெள்ளிக்கிழமையே மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுப் படங்களை ஏற்றினார். அன்று மதியம் சாவி திரும்பியது. மேனேஜர் விளம்பரத்தை அனுப்பவில்லை, கிழிக்கவும் இல்லை; மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். சாமிக்கு மேல் கட்ட முடியாதாகையால், நான்காம் மாடிக்கென்று விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்தன. கட்டடம் அதோடு நின்றது.

அதன் பிறகு தினமும் காலையில் முதலாளி படியேறுவார். எங்கள் வாசலில் இளைப்பாற நிற்பார். அந்தக் காலடி மறுபடி மேலே நகரும்வரை டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நிற்கும்.