குப்புறப் படுத்த அப்பாவும் கோடைக்கால டயரும்: புதுச்சேரியிலிருந்து காரைக்கால்

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குக் காரில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த வலைப்பூவில் பின்னூட்டம் போட்டுச் சிலர் கேட்டிருந்தீர்கள். கடலூர், சிதம்பரம், சீர்காழி, பொறையார் வழியாக சுமார் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். சாதாரணமாக மூன்றரை மணி நேரம். எங்களுக்கு எட்டு மணி நேரம் ஆனது. பழி முழுவதையும் ரோட்டின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பழி என் தம்பி அருளின் டயர்களைச் சேரும்.

2008 ஏப்ரல் கடைசியில் நடந்தது இது. அப்பாவுக்கு இடது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது என்று புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். வலது கண்ணில் பல வருடங்களாகவே நிழலாட்டம் மட்டும்தான் தெரியும். ஆக, இருந்த ஒரே கண் அது. உள்ளே ஒரு வாயுக் குமிழியை ஏற்றி, அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகப் பத்து நாள் முகத்தைத் தரையைப் பார்த்தபடியே வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படித்தான். "ஊருக்குப் போகலாம். ஆனா குலுங்காம போங்க" என்றார்.

அப்பா லாட்ஜில் தங்கமாட்டேன் என்றார். காரைக்கால் கும்பகோணம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் கட்டிலைத் தவிர வேறெதிலும் தூக்கம் வராது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற டாக்சிக்காரர் ஆயிரத்து எண்ணூறு கேட்டார். நான் சரி சொல்லப் போகும்போது பெங்களூரிலிருந்து அருள் போன் செய்தான். "எதுக்குக்கா டாக்சி? நம்ம வண்டி இருக்குல்ல?"

நம்ம வண்டி என்பது அவன் அதற்கு முந்தின வருடம் பழையதாக வாங்கிய கார். வாங்கிய கையோடு சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீலும் வெளிநாட்டு டயரும் மாட்டினான். ஹை பெர்ஃபார்மன்ஸ் சம்மர் டயர் என்று பெயர். ஒன்று ஒன்பதாயிரம் ரூபாய். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ரப்பர் என்று பார்த்தால் மூன்று விரல் உயரம்கூட இருக்காது. எதற்கடா இது என்று கேட்டதற்கு, "நம்ம ஊர்ல பன்னெண்டு மாசமும் சம்மர்தானக்கா!" என்றான். பனி பெய்கிற நாட்டில் குளிருக்கு ஒரு டயரும் வெயில் காலத்துக்கு ஒரு டயருமாக மாற்றுவார்கள், அதனால் வந்த பெயர் அது. காரைக்கால் வெயிலுக்காகச் செய்தது இல்லை. இதை அவனிடம் சொல்லிப் பயனில்லை.

இணையத்தில் கார்ப் பிரியர்களின் குழு ஒன்றில் அவன் இருக்கிறான். அதில் எழுதியிருந்த அனுபவங்களையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகிறது என்று ஒருவர். பிரேக் போட்ட இடத்தில் நிற்கிறது, மழையிலும் வழுக்குவதில்லை என்று இன்னொருவர். அவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர்கள் அத்தனை பேரும் ஸ்டியரிங் பிடித்தவர்கள். பின் சீட்டில் உட்கார்ந்த ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறையை இப்போது நான் தீர்த்து வைக்கிறேன்.

ராத்திரியே அருள் காரோடு வந்து சேர, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டின் ஓரத்தில் நான் உட்கார்ந்து மடியில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டேன். அப்பா நீளவாக்கில் குப்புறப் படுத்து நெற்றியைத் தலையணையில் பதித்துக்கொண்டார். உயரமான மனிதர். முழங்கால் மடங்கி, பாதம் இரண்டும் கதவுக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

புதுச்சேரி எல்லை தாண்டும் முன்பே தெரிந்துவிட்டது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் அப்பாவின் தலை வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. பாலத்தில் ஏறும்போது 'டக்', இறங்கும்போது 'டக்'. நடுவில் ஒரே இரைச்சல், மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி.

"எங்கம்மா வர்றோம்? ரோட்டத் தோண்டிப் போட்டுருக்கானுவளா?" என்று தலையணைக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"இல்லப்பா. இப்பதான் புதுசா தார் போட்டுருக்காங்க."

"இதுவா புது ரோடு?" என்றார் அப்பா.

"ரோட்ட நல்லாப் புடிச்சுக்கிட்டுப் போவுதுப்பா. அதான் கொஞ்சம் தெரியுது" என்றான் அருள் பெருமையாக.

சிதம்பரத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட நிறுத்தினோம். மருந்து விட்டுவிட்டு நிமிர்ந்தால், டீக்கடையில் நின்ற மினி லாரி டிரைவர் ஒருவர் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டிருக்கிறார். "என்னங்க தம்பி, நாலுலயும் காத்து இல்லாமயே ஓட்டிக்கிட்டு வர்றீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவ்வளவுதான். அருள் அவருக்கு டயர்ப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அப்பா காருக்குள் குப்புறக் கிடக்கிறார், வெளியே ரப்பர் கலவை பற்றி விரிவுரை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

காற்றையாவது கொஞ்சம் குறை, மெத்தென்று இருக்கும் என்றேன்.

"கொறச்சா சின்னப் பள்ளத்துலகூட ரிம்மு நேரா அடி வாங்கும்க்கா. ஒனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சது அப்பா தல மட்டுந்தான்டா."

"அதுக்குத்தான முப்பதுல போறேன்?"

"முப்பதுல போறதுக்கு எதுக்குடா இந்த டயர்?"

சீர்காழி வரைக்கும் அதே முப்பதுதான். மாட்டு வண்டியைத் தவிர எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின.

சீர்காழி தாண்டினால் சித்திரை மாதத்தில் ஒரு தொல்லை உண்டு. உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டின் மேல் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி மிதித்துக் காய் உடைந்து கொடுக்கும். திருக்கடையூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு அப்படி ஒரு பரப்பு. எதிரே பஸ் வந்தது. அருள் இடதுபக்கம் ஒதுங்கி உளுந்தின் மேல் ஏற்றினான். உளுந்துக்கு அடியில், உடைந்த ஒரு மதகின் ஓரத்தில் பள்ளம் இருந்தது.

பாறையில் மோதிய மாதிரி சத்தம். அப்பாவின் தலை என் கையை விட்டு எழும்பி, தலையணை நழுவி, நெற்றி என் முழங்காலில் இடித்தது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"ஸ்டெல்லா" என்றார் அப்பா, மெதுவாக. "கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுன மாதிரி இருக்கும்மா."

அருள் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த சிஸ்டர் நிதானமாகச் சொன்னார். "தலயத் தூக்க வேணாம். குனிஞ்சபடியே வெளிச்சம் தெரியுதான்னு கேளுங்க. திரை மாதிரி எதாவது மறைக்குதுன்னா உடனே திரும்பி வந்துருங்க. இல்லன்னா மெதுவா வீட்டுக்குப் போயி படுக்க வைங்க."

அதற்குள் ஓடி வந்தார் ஒரு பெண். செல்வமணி என்று பெயர், உளுந்துக்குச் சொந்தக்காரர். "என்னங்க, உளுந்து மேலயே நிறுத்திப்புட்டீங்க?" என்று சண்டைக்குத்தான் வந்தார். குனிந்த தலையோடு அப்பா இறங்குவதைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஐயோ, பெரியவருக்கு என்ன? ஏன் தம்பி, இப்படி இருக்குறவரத் தூக்கிப் போட்டு ஓட்டிக்கிட்டு வரலாமா?"

"பள்ளம் தெரியாம உளுந்தப் பரப்பலாமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வேற எடம் எங்கங்க இருக்கு? பள்ளத்த நானா தோண்டுனேன்?"

அதுவும் நியாயம்தான். அன்று எல்லோருமே நியாயமாகப் பேசினார்கள், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் வீட்டு வேப்பமர நிழலில் அப்பாவைக் குனிந்தபடி நாற்காலியில் உட்கார வைத்து, கண் மேலிருந்த மூடியை எடுத்தேன். "வெளிச்சம் தெரியுதாப்பா?" என்று கேட்டேன். அப்பா தரையை உற்றுப் பார்த்தார். "தெரியுது. கலங்கலா. தண்ணிக்குள்ளேருந்து பாக்குற மாதிரி." திரை ஏதாவது? "இல்லம்மா." மின்னல்? "ஒரு தடவதான்."

மூடியைத் திரும்ப ஒட்டிவிட்டுக் காரிடம் போனேன். முன்பக்க டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். ரிம் வளைந்திருந்தது. அருள் டிக்கியைத் திறந்தபடி நின்றான். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் கன்றுக்குட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

"ஸ்டெப்னி எங்கடா?"

"ரூம்ல இருக்கு."

"எந்த ரூம்ல?"

"பெங்களூர்ல."

யாரோ ஒருவரின் மொபெட்டில் ஏறிப் பொறையார் பஞ்சர் கடை வரைக்கும் போய்த் திரும்பினான். "இந்த சைஸ நான் போஸ்டர்லதாங்க பாத்துருக்கேன்" என்று சொன்னாராம் கடைக்காரர். சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது திருக்கடையூர்க் கோயிலில் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த அம்பாசடர். ஓட்டி வந்தவர் காரைக்கால்காரர், ஜபருல்லா பாய். விஷயத்தைச் சொன்னதும், "ஏறுங்கம்மா, முன்னூறு குடுங்க போதும். அல்லா பாத்துக்குவான்" என்றார்.

அருள் காரைப் பூட்டிச் சாவியைச் செல்வமணியிடம் கொடுத்தான். நான் தலையணைகளோடு அம்பாசடரின் பின் கதவைத் திறந்தால், அவன் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தான். "தலகாணிய இங்க குடுக்கா. அப்பா தலய நான் புடிச்சுக்குறேன். ஒனக்குக் கால் மரத்துருக்கும்."

அம்பாசடர் என்றதும் சொர்க்க ரதம் என்று நினைக்க வேண்டாம். சீட்டுக் கம்பி குத்தியது, டீசல் நாற்றம், படகு மாதிரி ஆடியது. ஆனால் ஆடியதே தவிர இடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். பதறித் திரும்பினேன். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அசந்து தூங்கியதே அப்போதுதான். அருளின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைப்பதற்காகக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

பூவம் தாண்டும்போது பாய் பேச்சுக் கொடுத்தார். "என்ன டயரு தம்பி அது? புதுசா இருக்கே?"

அன்று முதல் முறையாக அருள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

இனி, இந்த வழியில் வரப்போகிறவர்களுக்கு. அகலமும் தாழ்வுமான டயர் உங்கள் காரில் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் சீர்காழிக்குத் தெற்கே உளுந்தின் மேல் ஏற்றாதீர்கள். பஸ் வந்தால் நின்றுவிடுங்கள், பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஸ்டெப்னி டிக்கியில் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள், வண்டிக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். சிதம்பரம் தாண்டிவிட்டால் அந்த அளவு டயர் எங்கும் கிடைக்காது. பஸ் பார்சலில் எங்களுக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை செல்வமணி காரின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. பதிலுக்கு அந்த மதகைச் சரி செய்யச் சொல்லி யாரிடமாவது எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். பள்ளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நோயாளியைக் கூட்டி வருவதாக இருந்தால், கூட வருகிறவர்கள் கிளம்பும் முன் ஊருக்குள்ளேயே ஒரு முறை பின் சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள்.

கண் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மே மாதம் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போக அருள் மறுபடி அதே காரில் வந்தான். நான் சண்டைக்குத் தயாராகத்தான் ஏறினேன். வண்டி சத்தமில்லாமல் போனது. பொறையாரில் இறங்கிப் பார்த்தால் நான்கும் பழைய சாதாரண டயர். டிக்கியில் ஸ்டெப்னி. "அது தேஞ்சுருச்சுக்கா, அதான்" என்றான். ஒரு வருடம்கூட ஆகாத டயர்.

விழித்திரை நன்றாக ஒட்டிவிட்டது என்றார் டாக்டர். அப்பா பலகையில் நாலாவது வரி வரைக்கும் படித்தார். அந்த மின்னலைப் பற்றிக் கேட்டேன். "இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படி வர்றது சகஜம்தாம்மா. குலுங்குனதால வந்துச்சுன்னு சொல்ல முடியாது" என்றார்.

அருள் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெளியே போனான். வராந்தா பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அழுதான். அந்த நாட்களில் பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து அப்பாவுக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தவன். அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் முன் சீட்டில் அமர்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார் அப்பா. பெரிய எழுத்து ஒன்றுகூடத் தப்பவில்லை. கடலூர் தாண்டியதும் அருள் தொண்டையைச் செருமினான்.

"டாக்டரே சொல்லிட்டாருல்ல, டயரால இல்லன்னு. அப்ப அந்த நாலையும் திரும்ப மாட்டிரலாமாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே அப்பா சொன்னார்.

"மாட்டிக்கடா. நல்லா மாட்டிக்க. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."