அழுந்தியே இருந்த பொத்தான்

செல்போன் எட்டாத மலைக் குடியிருப்புகளுக்கெல்லாம் ஒரே காது அவள்தான். யாருக்குப் பிரசவ வலி, யார் வீட்டுக் கூரை பறந்தது, எல்லாம் அடிவாரத்து வயர்லெஸ் அறையில் அவள் மேசைக்குத்தான் முதலில் வரும். மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு கேட்கத்தான் முடியும்.

கட்டியவன் கைவிட்டுப் போன பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பி ஒருவன்தான். மலைக்கு மருந்து ஏற்றிப் போகும், வயர்லெஸ் பொருத்திய ஜீப்பை ஓட்டினான்.

"உனக்கு ஒரு கால்கட்டு போட்டாத்தான்டா நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்" என்பாள்.

"அப்போ நான் கட்டிக்கவே மாட்டேன். நீ கண்ணை மூடவே வேணாம்" என்று சிரிப்பான்.

அன்று மத்தியானம் அணைக் காவலர் கூப்பிட்டார். "அக்கா, மதகைத் திறந்துட்டாங்க. தரைப்பாலத்துல யாரையும் இறங்க விடாதீங்க."

அவள் அதை எல்லோருக்கும் சொல்ல மைக்கை எடுத்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில் ஒரு ஜீப்பின் உறுமல் நிறைந்தது. கூடவே தம்பியின் குரல்.

"அக்கா, நீ பாத்த பொண்ணையே கட்டிக்கிறேன்... சேச்சே, இப்படி மொட்டையா சொன்னா அக்கா அழுதுடும். அக்கா, உனக்கு ஒரு சந்தோஷமான சேதி..."

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் தாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒத்திகை பாக்கிறாம்மா உன் தம்பி."

அவளுக்கும் கண் நிறைந்தது. மறுகணமே அவளுக்கு உறைத்தது. அவன் வேண்டுமென்று பேசவில்லை. மைக் சீட்டு இடுக்கில் விழுந்து பொத்தான் அழுந்திக் கிடக்கிறது. அவன் பேசுவது ஊருக்கெல்லாம் கேட்கும். ஊரே கத்தினாலும் அவனுக்குக் கேட்காது.

"டேய், பொத்தானை விடுடா. பாலத்துல இறங்காதே." போகாது என்று தெரிந்தும் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். தாத்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். பாலம் மலை வளைவுக்கு அப்பால். அவர் போய்ச் சேருவதற்குள் என்னென்னவோ ஆகிவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

"பொண்ணு வீட்டுக்கு நீயே பேசிடுக்கா. எனக்கு வெக்கமா இருக்கு..."

ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாய், பெற்றவளைப்போல் வளர்த்த பிள்ளைக்கு ஒரு சொல் சொல்ல முடியாமல் துடித்தது. ஒலிபெருக்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள், அவன் சட்டையையே பிடித்து நிறுத்துகிறவளைப்போல.

ஜீப் வேகம் குறைந்தது. "தண்ணி கொஞ்சம் கூடத்தான் ஓடுது. நாம பாக்காத தண்ணியா."

கியர் மாறியது. நீரின் இரைச்சல் எழுந்தது. எழுந்துகொண்டே போனது. அதற்குள்ளிருந்து "அக்கா" என்றான். இது ஒத்திகை இல்லை.

பிறகு சத்தமே இல்லை.

அவள் அத்தனை நேரம் கெஞ்சிக்கொண்டிருந்த வழி திறந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாள். "தம்பி, திரும்பிடு. அக்கா சொல்றேன், திரும்பிடு." விட்டாள். காது கொடுத்தாள். இரைச்சல்கூட இல்லை.

மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "அக்கா, எவ்வளவு நேரமா கூப்பிடறேன், வழியே கிடைக்கல. குழந்தைக்கு ஜுரம் தலைக்கேறிடுச்சு. மருந்து ஜீப் எங்க வருது?"

அவள் பொத்தானை அழுத்தினாள். மலை முழுவதும் அவள் மூச்சு மட்டும் கேட்டது.