ரெண்டாம் காது

இது நடந்தது. காது குத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் கணவரே முதலில் அப்படித்தான் நினைத்தார். பேய் என்றால் நள்ளிரவு, இருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் தட்டுவது என் வேலை. விசாரணைகள், கூட்டங்கள், டாக்டர்கள் சொல்லும் குறிப்புகள். காதில் ஹெட்போன், காலடியில் மிதி. தையல் மெஷின் மிதிபோலத்தான், சின்னது. அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். ஒரு வார்த்தை புரியவில்லையென்றால் அந்த இடத்தில் 'கேட்கவில்லை' என்று போட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். முன்பெல்லாம் அதை நிரப்ப இன்னொருவர் இருந்தாராம். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'ரெண்டாம் காது'. ஆள் குறைப்பில் அந்த நாற்காலியே போய்விட்டது என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஆறு வருஷம் வீட்டோடு கிடந்த பிறகு கிடைத்த வேலை அது. மூன்று மாதம் சோதனை. பக்கத்துக்கு ஒரு 'கேட்கவில்லை'க்கு மேல் இருந்தாலோ, மாலை ஐந்தைத் தாண்டினாலோ கோப்பு திரும்பி வரும். மூன்று தடவை திரும்பினால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு இரண்டு திரும்பிவிட்டது. சோறு இல்லாமல் போய்விடாதுதான். ஆனால் அந்த வேலை போனால் நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்தான் எமன். எனக்கு முன்னால் ஆபீசில் இருந்த ஓர் அம்மா வைத்திருந்தது. பட்டனை அழுத்திவிட்டு, அரிசி களைந்து, துணி காயப்போட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பதினோரு நிமிஷம். கடிகாரம் வைத்தே பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை. மத்தியானம் சரியாக 3:10 ஆனால் போதும், மொத்தமாக மக்கர் பண்ணும். நான் ஓர் எழுத்தைத் தட்டினால் எட்டு விநாடி கழித்துத் திரையில் வரும். உள்ளே விசிறி 'ஊம்...' என்று இரையும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல.

எட்டாவது வாரத்தில் அதைக் கவனித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு 'கேட்கவில்லை' போட்டிருந்தேன். அனுப்பும் முன் பார்த்தால் அது இல்லை. அந்த இடத்தில் 'சாவி' என்று இருந்தது. ஒலியை முழுசாக ஏற்றிக் கேட்டேன். நாலாவது தடவை கேட்டபோது, ஆமாம்... சாவி என்றுதான் சொல்கிறார்.

நானே திருத்திவிட்டு மறந்திருப்பேன் என்று விட்டேன். மறுநாள் மூன்று இடம். அதற்கு மறுநாள் ஏழு. எல்லாம் 3:10-க்குப் பிறகு. யாரிடமும் மூச்சு விடவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் அனுப்பிவிட்டேன். கோப்பு ஒன்றுகூடத் திரும்பவில்லை. நான் செய்த தப்பு அதுதான். வேண்டாம் என்று ஒருநாள்கூட நான் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை, 3:25. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து மிதியில் கால் வைத்தேன். மிதி ஏற்கெனவே அழுந்தியிருந்தது. என் கால் அதன்மேல் படிந்தது, அவ்வளவுதான். ஹெட்போனில் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மிதி தானாக மேலே வந்தது.

டக்.

இரண்டு விநாடி பின்னால் போய், அதே வார்த்தை மறுபடி ஓடியது. டக். மறுபடி. யாரோ உற்றுக் கேட்கிறார்கள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. மிதியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. லேப்டாப் உயிரை எடுக்கிறது என்று மட்டும் சொன்னேன். பழைய மெஷினுக்கு அந்த சிஸ்டம் பாரம், எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம், இலவசம்தான், லேசாக ஓடும் என்றான். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் மட்டும் உள்ளே போடலாம். "பழசை அழிக்காம பக்கத்துலயே வெச்சுக்கவும் வழி இருக்கு அண்ணி. அவசரப்பட்டு அழிச்சுராதீங்க."

திங்கட்கிழமை. கையில் முப்பத்தெட்டுப் பக்கக் கோப்பு, ஐந்து மணிக்குக் கெடு. அதில் நாற்பத்தொரு இடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் போனுக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். மிதியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினேன். 2:55-க்குப் பென்டிரைவைச் செருகினேன்.

நாற்பது விநாடி. லினக்ஸ் வந்து நின்றது. ஆமையாக இருந்தது முயலாகிவிட்டது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. 3:06-க்கு முடிவு செய்தேன். பழைய சிஸ்டம் போக வேண்டும். மிதியை அழுத்துவது எதுவோ, அதுவும் சேர்ந்து போக வேண்டும். பழசை வைத்துக்கொள்ளவா, ஹார்ட் டிஸ்க்கை முழுதும் அழிக்கவா என்று கேட்டது.

முழுதும் அழி என்று கொடுத்தேன்.

மொழி கேட்டது, தமிழ் என்றேன். ஊர் கேட்டது, சொன்னேன். அடுத்த பக்கம் வந்தது.

'நீங்கள் யார்?'

கீழே பெயருக்கு ஒரு கட்டம். அதில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. மூலையில் மணி 15:10.

என் கை மடியில் இருந்தது. சத்தியமாக மடியில்தான் இருந்தது.

டக்.

மேஜைக்கு அடியில். சுருட்டிப் போட்ட மிதி.

கட்டத்தில் ஓர் எழுத்து விழுந்தது. ரெ... டக்... ண்... டக்... டா...

"யாரது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

'ரெண்டாம் காது.'

கோடு கடவுச்சொல் கட்டத்துக்கு இறங்கியது. ஒவ்வொன்றாக எட்டுப் புள்ளி. உறுதிசெய்ய மறுபடி எட்டுப் புள்ளி. பக்கம் தானாக நகர்ந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"வேற யாரோ தூரத்துல இருந்து ஓட்டுறாங்களோ என்னவோ. நெட்டை அணைங்க அண்ணி."

"நெட்டே போடல தம்பி."

அவன் பட்டனை அழுத்தியே பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். பத்து எண்ணினேன். முப்பது எண்ணினேன். அணையவில்லை. பேட்டரி உள்ளேயே வைத்துத் திருகியிருந்தது. நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3:31. அணைந்து மறுபடி எழுந்தது. திரையில் ஒரே ஒரு பெயர். என் பெயர் இல்லை. கீழே கடவுச்சொல் கட்டம். எனக்கு என்ன தெரியும்? ஏதேதோ அடித்தேன். தவறு. தவறு. தவறு. கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நாற்பத்தொரு இடம் பாக்கி. என் லேப்டாப்புக்குள் நானே போக முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நிமிர்ந்தபோது புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. எட்டு.

திறந்தது.

உள்ளே ஒரே ஒரு கோப்பு. நான் போனிலிருந்து இன்னும் மாற்றாத கோப்பு. திறந்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். ஒரு 'கேட்கவில்லை'கூட இல்லை.

ஆனால் முப்பத்தொன்பதாம் பக்கம் ஒன்று இருந்தது. நாங்கள் எழுதும் அதே முறையில், நேரம் போட்டு.

15:10 பெண்: யாரது?

15:13 பெண்: நெட்டே போடல தம்பி.

15:36 (அழும் சத்தம்)

15:47 (நாற்காலி நகரும் சத்தம்)

மூலையில் மணியைப் பார்த்தேன். 15:46.

நகரக் கூடாது. மேஜையை இறுக்கிப் பிடித்தேன். மணி மாறியது. திடுக்கென்று உடம்பு ஒரு உதறு உதறியது...

கிரீச்.

நாற்காலி.

கண் தானாக அடுத்த வரிக்குப் போனது.

15:48 (கதவு திறக்கும் சத்தம்)

வாசல் கதவு எனக்குப் பின்னால். உள்தாழ்ப்பாள் நானே போட்டது. வேறு கதவு இல்லை. நான் திறக்க மாட்டேன். நான் திறக்காவிட்டால் யார் திறப்பது...

தாழ்ப்பாள் விலகியது. மெதுவாக.

கதவு திறந்தது.

திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி.

15:49 (கேட்கவில்லை)

விசிறி நின்றது. இல்லை... சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லை.

தெரு இல்லை. என் மூச்சு இல்லை.

இடது காதுக்குப் பக்கத்தில் ஏதோ குளிர்ச்சியாக... குனிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று தெருச் சத்தம் வந்தது. எழுந்து திறந்த கதவு வழியாக ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. கணவர் ஆறரைக்கு வரும்வரை எதிர்க் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போனேன். வேலையும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். மேடம் சிரித்த முகமாக இருந்தார். நேற்றைய கோப்பு 3:50-க்கே வந்துவிட்டதாம். ஓர் இடம்கூட விடவில்லையாம். சோதனைக் காலம் முடிவதற்குள்ளேயே வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்களாம்.

நான் அனுப்பவில்லை. அதை எப்படிச் சொல்வது? இந்த லேப்டாப்பை முன்னால் வைத்திருந்த அம்மா இறந்துவிட்டாரா என்று மட்டும் கேட்டேன். அவர்தான் ரெண்டாம் காது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

"சேச்சே, நல்லா இருக்காங்க. மக வீட்டுல. பாவம், ரெண்டு காதும் போயிடுச்சு. கடைசி ஆறு மாசம் சுத்தமா கேக்கலையாம். வேலை போயிடும்னு எங்ககிட்ட மறைச்சிருக்காங்க. அதுதான் எனக்கு இன்னிக்கும் புரியல. அந்த ஆறு மாசமும் ஒரு ஃபைல்லகூட ஒரு இடம் விடல."

லேப்டாப்பை என் பக்கமே தள்ளி வைத்தார். ராசியான லேப்டாப், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இப்போதும் அதில்தான் வேலை செய்கிறேன். நாற்பது விநாடியில் வருகிறது. கடவுச்சொல் இன்றுவரை எனக்குத் தெரியாது. தேவையும் படவில்லை. நான் உட்கார்ந்ததும் எட்டுப் புள்ளி விழுந்துவிடும்.

நேற்றுக் கொழுந்தன் போன் பண்ணினான். லேப்டாப் இப்போது வேகமாக இருக்கிறதா என்று கேட்டான். வழக்கமாக நான் போனை இடது காதில்தான் வைப்பேன். பதினோரு நாளாக வலது காதில் வைத்துப் பேசுகிறேன். வேகமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.